அளந்த பிறகே வாங்குங்கள்: சின்னப் பெட்டிக் கணினியை மேம்படுத்தத் திட்டமிடுவது

பக்கப் பேனல் மூடவில்லை. புது கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்டில் 'டிக்' என்று உட்கார்ந்துவிட்டது, ஸ்க்ரூ முடுக்கியாகிவிட்டது, பவர் கேபிளும் செருகியாகிவிட்டது. பேனலை வைத்து அழுத்தினால் மூலைகள் பொருந்துகின்றன, நடுப்பகுதி மட்டும் லேசாகப் புடைத்து நிற்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்டின் மேல் விளிம்பில் இருக்கும் 8 பின் இணைப்பில் செருகிய கேபிள், வளைந்து திரும்ப இடமில்லாமல் பேனலின் உட்புறத்தில் முட்டிக்கொண்டிருந்தது. வாங்கும் முன் கார்டின் நீளத்தை மூன்று முறை சரிபார்த்திருந்தேன். தடிமனும் சரியாகவே இருந்தது. கேபிள் வளைய எவ்வளவு இடம் வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

பெரிய டவர் கேபினெட் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலையே கிடையாது. அங்கே ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டினால் வேலை முடிந்தது. சின்னப் பெட்டியில் ஒவ்வொரு பாகமும் பக்கத்துப் பாகத்தின் மேல் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறது. கார்டை மாற்றினால் பவர் சப்ளை போதுமா என்று பார்க்க வேண்டும். பவர் சப்ளையை மாற்றினால் அதன் கேபிள்கள் ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் ஃபேனில் உரசுமா என்று பார்க்க வேண்டும். கூலரை மாற்றினால் ரேம் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். அதனால் இங்கே எதை வாங்குவது என்ற கேள்வி கடைசியில்தான் வர வேண்டும். பெட்டிக்குள் மி.மீ. கணக்கில் எவ்வளவு இடம் இருக்கிறது, எத்தனை வாட் கிடைக்கும், உள்ளே பிறக்கும் சூட்டில் எவ்வளவு வெளியேறும் என்ற மூன்றுக்கும் முதலில் விடை வேண்டும்.

சின்னப் பெட்டி என்றால் எவ்வளவு சின்னது? இதைப் புழங்குபவர்கள் லிட்டரில்தான் பேசுவார்கள். வழக்கமான டவர் கேபினெட் 40 முதல் 50 லிட்டர் கொள்ளளவு இருக்கும். 20 லிட்டருக்குக் கீழே வந்தால் சின்னப் பெட்டி என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். 10 லிட்டரைத் தொட்டால் ஒவ்வொரு மி.மீ.க்கும் மரியாதை வந்துவிடும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு: 170க்கு 170 மி.மீ. சதுரம், கிராஃபிக்ஸ் கார்டு செருக ஒரே ஒரு விரிவாக்க ஸ்லாட், பெரும்பாலும் இரண்டே ரேம் ஸ்லாட். வியா நிறுவனம் 2001இல் இந்த அளவைக் கொண்டுவந்தது. அதே காலத்தில்தான் ஷட்டில் நிறுவனம் எஸ்வி24 என்ற சின்னப் பெட்டியை விற்கத் தொடங்கியது. அதற்கும் ஓராண்டு முன்பே, 2000 ஜூலையில், ஆப்பிள் ஃபேனே இல்லாத ஜி4 க்யூப் கணினியை வெளியிட்டு, அடுத்த ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. சிறிய இடத்தில் சூட்டை என்ன செய்வது என்ற கேள்வி அன்றிலிருந்தே இந்த வகைக் கணினியின் கூடவே வருகிறது.

திட்டமிடும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உங்களிடம் இருப்பது தனித்தனிப் பாகம் வாங்கிக் கட்டிய பெட்டியா, அலுவலகங்களுக்கென்று நிறுவனமே கட்டித் தந்த பெட்டியா? இரண்டும் வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரியும். மேம்படுத்தும் வழியோ முற்றிலும் வேறு.

டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்ற அலுவலகக் கணினிகளின் சிறிய வடிவங்களில் மதர்போர்டும் பவர் சப்ளையும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். வெளியில் விற்கும் பவர் சப்ளை அதில் உட்காராது. உட்கார்ந்தாலும் இணைப்பு பொருந்தாது. இருக்கும் சப்ளையும் பெரும்பாலும் 200 வாட்டை ஒட்டியதுதான். கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனி பவர் கேபிள் இருக்காது என்பதால் ஸ்லாட் தருகிற 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் போட முடியும். அதுவும் லோ-புரொஃபைல் கார்டாக, அதாவது பின்பட்டை 120 மி.மீ.க்குப் பதில் சுமார் 79 மி.மீ. உயரமே உள்ள குட்டைக் கார்டாக இருக்க வேண்டும். பல காலம் இந்த இடத்தைப் பிடித்திருந்தது 75 வாட் ஜிடிஎக்ஸ் 1650. 2024 தொடக்கத்தில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வடிவம் 70 வாட்டிலேயே ஓடுகிறது; அதில் லோ-புரொஃபைல் மாதிரிகளும் உண்டு. தொழில்முறை வேலைக்கென்று வந்த ஆர்டிஎக்ஸ் ஏ2000உம் 70 வாட்தான்.

இந்த வகைப் பெட்டிக்கு ரேமும் எஸ்எஸ்டியும்தான் உண்மையான மேம்பாடு என்பது என் கருத்து. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடும் பெட்டியில் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போட்டாலே ஆளே மாறிவிடும். 4 ஜிபி ரேமில் தத்தளிப்பதை 16 ஆக்கினால் இன்னும் சில ஆண்டுகள் நிம்மதியாக ஓடும். ஆனால் அதற்கு முன் ப்ராசஸர் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லின் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்றுக்கொள்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. 6ஆம், 7ஆம் தலைமுறைப் பெட்டியில் விண்டோஸிலேயே தொடரப் போகிறவர் அதற்குச் செலவழிக்கும் முன் யோசிக்க வேண்டும். லினக்ஸில் ஓட்டுபவருக்கு அந்தத் தடை இல்லை.

இனி, தானே கட்டிய பெட்டிக்கு வருவோம்.

முதலில் எது மெதுவாக இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். எப்போதும் ஓட்டும் விளையாட்டையோ வீடியோ எடிட்டிங் மென்பொருளையோ ஓட்டிவிட்டு, டாஸ்க் மேனேஜரை அரை மணி நேரம் திறந்து வையுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு 97, 98 சதவீதத்திலேயே நின்றால் தடை அங்கே இருக்கிறது. கார்டு 60இல் தூங்கிக்கொண்டிருக்க, ப்ராசஸரின் ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் மூச்சு வாங்கினால் புது கார்டு வாங்கிப் பயனில்லை. ரேம் நிரம்பி டிஸ்க் விளக்கு அணையாமல் மின்னினால் இரண்டையும் விட்டுவிட்டு ரேமைப் பாருங்கள். கூடவே வெப்பநிலையையும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகளில் எல்லாப் பாகமும் நன்றாகவே இருக்கும், சூட்டினால் வேகம் குறைந்து மெதுவாகத் தெரியும். அங்கே தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றி, ஃபேனின் திசையைச் சரிசெய்தால் போதும்.

கார்டுதான் மாற்ற வேண்டும் என்று முடிவானால் ஸ்கேலைக் கையில் எடுக்க வேண்டியதுதான். கார்டுக்கு நீளம், தடிமன், உயரம் என்று மூன்று அளவு உண்டு. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது நீளத்தை. தடிமனை ஸ்லாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்லாட் என்பது 20.32 மி.மீ. '2.5 ஸ்லாட்' என்றால் ஏறத்தாழ 50 மி.மீ. உயரம்தான் ஏமாற்றும். தர அளவின்படி கார்டின் உயரம் 111 மி.மீ.யைச் சுற்றி இருக்க வேண்டும், இன்று வருகிற பல கார்டுகள் அதைத் தாண்டித்தான் நிற்கின்றன. அதற்கு மேல் பவர் இணைப்பு, அதற்கும் மேல் கேபிளின் வளைவு. என் பேனலைத் தள்ளியது இந்தக் கடைசிக் கணக்குதான். 16 முனை கொண்ட புது வகை பவர் இணைப்பாக இருந்தால், கேபிள் சுமார் 35 மி.மீ. நேராக வந்த பிறகே வளைய வேண்டும் என்பது பரவலான அறிவுரை. அந்த இணைப்பு சரியாக உட்காராமல், அல்லது ஒட்டி மடங்கி இருந்தால் சூடேறும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இந்தச் சிக்கல் பொதுவானது என்பதை கார்டுகளின் சில்லை உருவாக்கும் என்விடியாவே ஒப்புக்கொண்டது போல 2024இல் ஒரு வரையறையை வெளியிட்டது. சின்னப் பெட்டிக்கு ஏற்றது என்று முத்திரை பெற ஒரு கார்டு 304 மி.மீ. நீளம், 151 மி.மீ. உயரம், 50 மி.மீ. தடிமனுக்குள் இருக்க வேண்டும். அந்த 151இல் கேபிள் வளைவும் அடக்கம். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்: கேபிளையும் கார்டின் ஒரு பகுதியாகவே கணக்கெடுத்திருக்கிறார்கள். இந்த முத்திரை இருந்தால் தேடல் பாதி குறையும். ஆனால் உங்கள் பெட்டி 300 மி.மீ. நீளத்தையே ஏற்காது என்றால் முத்திரை இருந்தும் உதவாது. பெட்டியின் எண்ணை வைத்துத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும்.

பெட்டி தயாரிப்பாளர் தரும் எண்ணிலும் ஒரு கண் வேண்டும். '325 மி.மீ. வரை கார்டு' என்று போட்டிருப்பார்கள். முன்பக்கம் ஃபேன் மாட்டினால் அதில் 25 மி.மீ. போய்விடும், திரவக் குளிரூட்டியின் ரேடியேட்டர் மாட்டினால் அதற்கும் மேல் இன்னொரு 27 மி.மீ. போகும். இதையெல்லாம் மனக்கணக்காகப் போடாதீர்கள். நான் இப்போது அட்டையில் வெட்டிப் பார்க்கிறேன். பழைய அட்டைப் பெட்டியைக் கார்டின் நீள உயரத்துக்கு வெட்டி, தடிமன் வரும் அளவுக்கு அடுக்கி ஒட்டி, பவர் இணைப்பு வரும் இடத்தில் ஒரு கேபிள் துண்டைச் செருகி, நிஜ கார்டு போலப் பெட்டிக்குள் இறக்கிப் பார்ப்பது. கோணலாக நுழைத்துத் திருப்பினால்தான் உள்ளே போகும் பெட்டிகள் உண்டு. அளவுப்பட்டியலில் அது தெரியாது, அட்டையில் தெரிந்துவிடும். அரை மணி நேர வேலை. இரண்டாவது முறை கார்டு மாற்றும்போது, அட்டை முன்பக்கக் கேபிள் கட்டில் இடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நான் 20 மி.மீ. குறைந்த மாதிரியைத் தேர்ந்தெடுத்தேன்.

கூலருக்கும் இதே கதைதான், இங்கே விட்டுக்கொடுப்பு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். மதர்போர்டும் கார்டும் முதுகோடு முதுகாக நிற்கும் 'சாண்ட்விச்' வகைப் பெட்டிகளில், நடுவே ஒரு தகடு நிற்கும். ஒரு பக்கம் கார்டு, மறுபக்கம் கூலர். ஃபிராக்டல் டெர்ரா என்ற 10.4 லிட்டர் பெட்டியில் அந்த நடுத்தகட்டை நகர்த்தலாம். கார்டுக்கு 72 மி.மீ. கொடுத்தால் கூலருக்கு 48தான் மிஞ்சும். கார்டை 43க்குள் அடக்கினால் கூலருக்கு 77 வரை கிடைக்கும். சின்னப் பெட்டியில் திட்டமிடுவது என்றால் என்ன என்று ஒருவர் என்னைக் கேட்டால் இந்தத் தகட்டைத்தான் காட்டுவேன். பெரிய கார்டும் வேண்டும், பெரிய கூலரும் வேண்டும் என்றால் அங்கே நடக்காது. உங்கள் வேலை எதன்மேல் சாய்கிறது என்று முதலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

அந்த உயரங்களுக்குள் என்ன கிடைக்கும்? நோக்டுவாவின் என்ஹெச்-எல்9 வகை 37 மி.மீ. உயரம். தெர்மல்ரைட்டின் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47, பெயரிலேயே இருப்பது போல 47 மி.மீ. நோக்டுவா என்ஹெச்-எல்12எஸ் 70 மி.மீ. பெரிய டவரில் மாட்டும் என்ஹெச்-டி15 165 மி.மீ. என்பதை இவற்றோடு ஒப்பிட்டால் நிலைமை புரியும். உயரம் குறையக் குறைய, சூட்டை உறிஞ்சும் ஹீட்சிங்க்கின் தகடுகள் குறைகின்றன, ஃபேன் மெலிகிறது, அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது, சத்தம் கூடுகிறது. அப்புறம், அகலமான குட்டைக் கூலர் ரேமின் மேல் படியும். அலங்காரத் தகடும் விளக்கும் வைத்த ரேம் இங்கே வேண்டாம். தகடு இல்லாத, 31 மி.மீ.யை ஒட்டிய சாதா ரேம் போதும்.

சரி, வாட்டுக்கு வருவோம். இதில் பாகம் வரும் அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணும் நிஜமும் ஒன்றல்ல. ஏஎம்டி ப்ராசஸரில் '65 வாட்' என்று போட்டிருந்தால் அது உண்மையில் 88 வாட் வரை எடுக்க அனுமதி உண்டு. 105 என்றால் 142, 120 என்றால் 162. ஏஎம்4, ஏஎம்5 சாக்கெட்டுகளில் (மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடத்தின் வகைகள்) போட்டிருக்கும் எண்ணை 1.35ஆல் பெருக்கினால் வருவதுதான் வழக்கமான உச்சவரம்பு. இன்டெல் பக்கம் வித்தியாசம் இன்னும் அதிகம். கோர் ஐ9-13900கேயின் அடிப்படை அளவு 125 வாட், உச்சத்தில் 253. ஒரு 47 மி.மீ. கூலரிடம் 253 வாட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கார்டுகள் ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட், 5060க்கு 145, 4070க்கு 200 என்று ஏறி, 4090இல் 450, 5090இல் 575 வாட்டில் நிற்கின்றன. 5090ஐ என்விடியாவே தயாரித்த வடிவம் இரண்டே ஸ்லாட் தடிமன்தான் என்பதால் சின்னப் பெட்டி ஆட்களுக்கு அது ஆசை காட்டியது. உள்ளே போகும், உண்மைதான். ஆனால் 10 லிட்டருக்குள் 575 வாட் என்பது ஒரு சின்ன ரூம் ஹீட்டர். இடம் இருக்கிறது என்பதற்காகச் சூட்டுக் கணக்கு தீர்ந்துவிடாது.

கார்டு, ப்ராசஸர் இரண்டின் உச்சத்தையும் கூட்டுங்கள். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 60, 70 வாட் வையுங்கள். அதற்கு மேல் நான் எப்போதும் மூன்றில் ஒரு பங்கு கூட்டி வைப்பேன். கார்டுகள் நொடியின் ஒரு சிறு துணுக்கு நேரத்துக்குத் தம் அளவை மீறி இழுக்கும் என்பதுதான் காரணம். பழைய, விளிம்பில் ஓடும் சப்ளையாக இருந்தால் அந்தக் கணத்தில் கணினி பட்டென்று அணைந்துவிடும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை இதை நேரடியாகவே கையாள்கிறது. 16 முனை இணைப்பு கொண்ட, 450 வாட்டுக்கு மேற்பட்ட சப்ளைகள் தம் அளவைப் போல இரு மடங்கை 100 மைக்ரோசெகண்டு தாங்க வேண்டும் என்கிறது. புதிதாக வாங்குவதானால் அந்த வரையறையில் உள்ளதையே வாங்கிவிடுங்கள்.

சப்ளையின் உடம்பளவும் முக்கியம். வழக்கமான ஏடிஎக்ஸ் சப்ளை 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம். சின்னப் பெட்டிகள் கேட்பது எஸ்எஃப்எக்ஸ்: 125 அகலம், 63.5 உயரம், 100 மி.மீ. ஆழம். எஸ்எஃப்எக்ஸ்-எல் ஆழத்தில் 130. அந்த 30 மி.மீ. வித்தியாசத்தில் ஃபேன் பெரிதாகும், சத்தம் குறையும், கேபிள் போகும் வழியும் அடைபடும். எஸ்எஃப்எக்ஸ் அளவிலேயே இன்று 1000 வாட் சப்ளையும் கிடைப்பதால், 100 மி.மீ. ஆழமுள்ளதையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டு சப்ளையை மட்டும் மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். சின்னப் பெட்டியில் கேபிள் இழுப்பது அவ்வளவு கடினமான வேலை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கேபிளின் கார்டு, மதர்போர்டு பக்க முனைதான் எல்லாருக்கும் பொது. சப்ளை பக்க முனையில் எந்த ஓட்டையில் எந்த மின்னழுத்தம் வரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் ஒரே நிறுவனத்தின் மாதிரிக்கு மாதிரி மாறும். செருகும், பொருந்தும், சுவிட்சைப் போட்டதும் எஸ்எஸ்டியும் மதர்போர்டும் எரிந்து போகும். புது சப்ளையோடு வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்துங்கள்.

சாண்ட்விச் பெட்டிக்காரர்கள் ரைசர் கேபிளையும் மறந்துவிடுவார்கள். மதர்போர்டையும் கார்டையும் இணைக்கும் அந்தப் பட்டைக் கேபிளுக்கும் தலைமுறை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பெட்டியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ரைசர் இருக்கலாம். அதில் 4.0 கார்டை மாட்டினால், இரண்டு பக்கமும் 4.0 வேகத்தில் பேச முயன்று, நடுவில் உள்ள கேபிள் தாங்காமல் திரையே வராமல் போகும். அல்லது வந்து, விளையாட்டின் நடுவே உறைந்துவிடும். கார்டு பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் பலர். பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில், அந்த ஸ்லாட்டின் வேகத்தை 3.0 என்று கையால் வைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். திரையே வராதபோது பயாஸுக்குள் எப்படிப் போவது? ப்ராசஸரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருந்தால் அதன் வழியாகப் போகலாம். இல்லையென்றால் பழைய கார்டைக் கழற்றும் முன்பே பயாஸில் மாற்றி வைத்துவிடுங்கள். ஸ்லாட்டின் 16 தரவுத் தடமும் பயன்படுத்தும் கார்டுக்கு 3.0இல் இழப்பு சில சதவீதம்தான். ஆனால் ஆர்டிஎக்ஸ் 4060 போல 8 தடமே உள்ள கார்டுக்கும், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல 4 தடமே உள்ளதற்கும் இழப்பு கூடும். ரைசரைச் சும்மா ஒரு கேபிள் என்று நினைக்கக் கூடாது என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் உண்டு. அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூ மின்கசிவை ஏற்படுத்தித் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால் என்இசட்எக்ஸ்டி ஹெச்1 பெட்டிகள் 2021இல் திரும்பப் பெறப்பட்டன.

சூட்டைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அதைக் குறைக்கும் வழியைச் சொல்லாமல் போகக் கூடாது. மேலும் மேலும் ஃபேன் மாட்டுவதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். சூடு உண்டாவதையே குறைப்பதுதான் சின்னப் பெட்டிக்கு ஏற்றது. ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர்களில் 'எக்கோ மோட்' என்று ஓர் அமைப்பு உண்டு. 105 வாட் ப்ராசஸரை 65 வாட் ப்ராசஸருக்கான வரம்புக்குள் ஓட வைக்கும். விளையாட்டில் வித்தியாசமே பெரும்பாலும் தெரியாது. எல்லாக் கோரும் முழு வேகத்தில் உழைக்கும் ரெண்டரிங் போன்ற வேலையில் மட்டும் கொஞ்சம் தெரியும். கார்டிலும் மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம், அல்லது மின் வரம்பை 75, 80 சதவீதத்துக்கு இறக்கலாம். தொழிற்சாலையில் வைக்கும் அமைப்பு கடைசிச் சொட்டு வேகத்துக்காக ஏராளமான வாட்டைச் செலவழிக்கிறது. அந்தக் கடைசிச் சொட்டை விட்டுவிட்டால் சத்தமும் சூடும் எதிர்பார்த்ததை விட நன்றாகவே இறங்கும். எதிர்மாறாக, ஒரு வகுப்பு மேலே உள்ள கார்டை வாங்கி மின் வரம்பை இறக்கி ஓட்டுவதும் நல்ல திட்டம்தான், கைக்கு அடங்கினால்.

காற்றோட்டத்தில் ஒன்று மட்டும். கார்டின் ஃபேன்கள் பேனலின் சல்லடையை ஒட்டி இருந்தால் வெளிக்காற்றை நேராக உறிஞ்சும், அது நல்லது. இடையில் 20, 30 மி.மீ. இடைவெளி விட்டால் தான் தள்ளிய சுடுகாற்றையே மறுபடி இழுக்கத் தொடங்கும். அந்த இடைவெளியை ஃபோம் பட்டையால் சட்டம் கட்டி அடைப்பது அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும். மதர்போர்டின் பின்பக்கம் இருக்கும், எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டையும் பாருங்கள். அங்கே காற்றே போகாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 வேக எஸ்எஸ்டியை அந்தப் புழுக்கத்தில் வைப்பதை விட, சூடு குறைந்த 4.0 ஒன்றை வைப்பது மேல். நொடிக்கு 7 ஜிபியே அன்றாட வேலைக்குத் தாராளம்.

ப்ராசஸர் மாற்றுவதானால் சாக்கெட் கேள்வி வரும். ஏஎம்4 மதர்போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பழைய 2000, 3000 வரிசை ரைசனைக் கழற்றிவிட்டு, 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டியையோ சாதா 5000 வரிசையில் ஒன்றையோ போட்டால் பெட்டியின் மற்ற எதையும் தொடாமல் பெரிய தாவல் கிடைக்கும். ஆனால் பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். கழற்றிய பிறகு நினைவு வந்தால் மறுபடி கூலரைப் பிரிக்கணும். ஏஎம்5க்குத் தாவினால் மதர்போர்டு, டிடிஆர் 5 ரேம், ப்ராசஸர் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். மினி-ஐடிஎக்ஸில் இரண்டே ரேம் ஸ்லாட் என்பதால் 'இப்போது இரண்டு 8 ஜிபி, பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்று நினைக்க வழியில்லை. பிறகு என்பது இரண்டையும் கழற்றி எறிவதுதான். முதலிலேயே இரண்டு 16 ஜிபி போடுங்கள், வேலை கேட்டால் இரண்டு 32.

கணக்கெல்லாம் போட்டுப் பார்த்து எதுவும் பொருந்தவில்லை என்றால் பெட்டியை மாற்றுவதில் தவறில்லை. 10 லிட்டரில் திணறும் அதே பாகங்கள், கூலர் மாஸ்டர் என்ஆர்200 போன்ற 18 லிட்டர் பெட்டியில் அமைதியாக ஓடும். மேசையில் அது கூடுதலாகப் பிடிக்கும் இடம் ஒரு நோட்டுப்புத்தகம் அளவுகூட இருக்காது. ரைசரும் வேண்டாம், ஃபேனையும் நல்ல தடிமனில் மாட்டலாம். சின்னதாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்துக்காக ஒவ்வொரு ஆண்டும் ஒரு கூலர் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மாற்றும் நாளில் வரிசையும் பார்க்க வேண்டும். கேபிள்களை முதலில் அவற்றின் பாதையில் போட்டுவிட்டு, பின்புற எம்.2ஐ மதர்போர்டு பெட்டிக்குள் போகும் முன்பே மாட்டி, கூலரையும் ரேமையும் மேசையிலேயே பொருத்தி, கார்டைக் கடைசியாக இறக்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த முறை எந்தக் கேபிள் எதன் அடியில் போகிறது என்று தேட வேண்டியிருக்காது.

அப்புறம் சோதனை. பேனலைத் திறந்து வைத்து அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிச் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பேனலை மூடி அதே அரை மணி நேரத்தை மறுபடி ஓட்டுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரி என்றால் காற்று தன் வழியைக் கண்டுபிடித்துவிட்டது. பத்தைத் தாண்டினால் பேனலைக் கழற்றி, கார்டின் ஃபேனுக்கு முன்னால் எந்தக் கேபிள் தொங்குகிறது என்று பாருங்கள். என் பெட்டியில் அது 24 முனை மதர்போர்டு கேபிளாக இருந்தது. இரண்டு கட்டுப்பட்டி போட்டு அதை நடுத்தகட்டோடு இறுக்கிய பிறகு, வளைவான முனையுள்ள ஒரு குட்டைக் கேபிளைக் கார்டில் செருகினேன். அன்றைக்குப் பேனல் நான்கு மூலையிலும் ஒன்றாக மூடியது.